மறுபடி சூடு பண்ணிட்டா போதுமா? உணவுக் கிருமிகளும் நமக்கு நேர்ந்ததும்

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பணி, திருச்சி

ஒரு காதுகுத்து வீட்டுச் சாப்பாடு எங்கள் ஆய்வகத்துக்கு வந்ததைச் சொல்கிறேன். காலைப் பந்தியில் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவர்கள் பதினொரு மணிக்குள் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். காய்ச்சல் யாருக்கும் இல்லை. வீட்டுக்காரர்கள் தேங்காய்ச் சட்னியைச் சொன்னார்கள், உறவுக்காரர்கள் தண்ணீர் கேனைச் சொன்னார்கள். எலுமிச்சை சாதத்தின் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆவி பறக்கப் பரிமாறியிருந்தார்களே!

எங்களுக்குக் கிடைத்த முதல் துப்பு அந்த இரண்டு மணி நேரம்தான். சால்மொனெல்லா என்ற கிருமியாக இருந்தால் பெரும்பாலும் ஆறு மணி நேரமாவது ஆகும், காய்ச்சலும் அடிக்கும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே வாந்தி வருகிறது என்றால், கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருகும் வரை காத்திருக்கவில்லை; அதன் நச்சு சாப்பாட்டிலேயே தயாராக இருந்திருக்கிறது. அப்படிச் செய்வதில் முக்கியமானவை இரண்டு. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பெரும்பாலும் சமைப்பவர் கையிலிருந்து வரும். பேசில்லஸ் செரியஸ் அரிசியோடே வரும்.

சாதத்தைக் கரைத்துக் கிருமி வளர்க்கும் தட்டுகளில் பரப்பி 30 டிகிரியில் வைத்தோம். மறுநாள் திறந்தால் இளஞ்சிவப்பில் சொரசொரப்பான திட்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளையாக ஒரு படலம். பேசில்லஸ் செரியஸ் அந்தத் தட்டில் வளர்ந்தால் அப்படித்தான் இருக்கும். எண்ணிக்கை கிராமுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது.

விசாரித்தபோது தெரிந்தது, முந்தின நாள் ராத்திரி வடித்த சோறு அது. அண்டாவில் கொட்டி மூடி வைத்து, விடியற்காலையில் தாளித்துக் கிளறியிருக்கிறார்கள். வாடை இல்லை, ருசியும் மாறவில்லை. அரிசியில் இந்தக் கிருமியின் வித்துகள், அதாவது சூட்டைத் தாங்கி உறங்கிக் கிடக்கும் வடிவம், கொஞ்சம் இருப்பது சகஜம். கொதித்தாலும் வித்து சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொண்டால், கிராமுக்கு 100 இருந்தது ஆறு மணி நேரத்தில் இரண்டரைக் கோடியைத் தாண்டிவிடும். பெருகும்போது அது உண்டாக்கும் செரியூலைடு என்ற நச்சு, 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் தாக்குப்பிடிக்கும். நம் அடுப்பும் எலுமிச்சைச் சாறும் அதை என்ன செய்துவிட முடியும்?

ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் "கிருமி இருக்கா, இல்லையா?" என்று மட்டும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி போதாது. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1999இல் வகுத்த இடர் மதிப்பீட்டு முறை நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. எந்தக் கிருமி? எவ்வளவு உள்ளே போனால் என்ன செய்யும்? சாப்பிடுகிறவரின் இலைக்கு உண்மையில் எவ்வளவு வந்து சேர்கிறது? எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் யாருக்கு எவ்வளவு ஆபத்து? மூன்றாவது கேள்விதான் என்னைப் பொறுத்தவரை உயிர்நாடி. அதற்குப் பதில் ஆய்வகத்தில் பாதிதான் கிடைக்கும். சோறு எத்தனை மணிக்கு வடிந்தது, எந்தப் பாத்திரத்தில் இருந்தது, மூடினார்களா என்பதெல்லாம் சமையல்கட்டில்தான் தெரியும்.

எல்லாக் கிருமிக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. செரியஸ் கிராமுக்கு நூறு இருந்தால் நான் பதற மாட்டேன். ஷிகெல்லா அப்படியில்லை, பத்து முதல் நூறு கிருமிகளே ஆளைப் படுக்கவைத்துவிடும். 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு மாணவி இறந்தார். சிகிச்சைக்கு வந்தவர்களிடம் கண்டுபிடிக்கப்பட்டது ஷிகெல்லா. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கல்யாண சமையல் மாஸ்டர், கும்பகோணம் பக்கம்

மேடம் சொல்றது நூத்துக்கு நூறு நிஜம். என் பையன் ஹோட்டல் மேனேஜ்மெண்ட் படிச்சவன். குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக் கொடுத்தான். தை மாசம் ஒரு கல்யாணம், நல்ல பனி. ராத்திரிப் பந்தி முடிஞ்சு பெரிய அண்டாவுல முக்கால்வாசி சோறு மிஞ்சிப்போச்சு. காலையில நாலு மணிக்குச் சோத்து மேல கை வெச்சா சில்லுனு இருக்கு. பையன் கம்பியை நடுவுல ஆழமா இறக்கினான். 44 டிகிரி காட்டுச்சு. பனி மேலதான், உள்ளே ராத்திரி முழுக்க அடைகாத்த மாதிரி இருந்திருக்கு.

கொட்டிடுங்கன்னு சொன்னேன். பொண்ணோட தாத்தாவுக்கு மனசே வரல. "அன்னத்தைக் கொட்டலாமா தம்பி, புளியோதரையாவது கிளறிடு"ன்னார். அவர் கையிலயே கம்பியைக் கொடுத்து, "ஐயா, நீங்களே பாருங்க"ன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே நின்னார். அப்புறம் ஒண்ணும் சொல்லல.

இப்பல்லாம் காலைக்கு வேணுங்கிற சோத்தைக் காலையிலதான் வடிக்கிறது. மிஞ்சினதை எடுத்து வெச்சே ஆகணும்னா அகலத் தாம்பாளத்துல ரெண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி ஃபேன் போட்டு, ஆவி அடங்கினதும் தாமதிக்காம ஃப்ரிட்ஜுக்குப் போயிடணும். கையில வெட்டுக்காயம் இருக்கிற பசங்களைப் பரிமாறவோ பிசையவோ விடுறதில்ல, அடுப்புப் பக்கம் அனுப்பிடுவேன்.

மட்டன் குழம்புக்கும் இதே கணக்குதானா மேடம்?

ஜோஹன்னஸ்பர்க்கில் ஐடி வேலை, சொந்த ஊர் மதுரை

சமையல் சூட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 4ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் சுகாதார அமைச்சர், லிஸ்டீரியா என்ற கிருமி பரவுவதற்குக் காரணம் பொலொக்வானேயில் உள்ள ஓர் இறைச்சி ஆலை என்று அறிவித்தார். பொலோனி என்று இங்கே ஒரு பதப்படுத்திய இறைச்சி உண்டு. விலை மலிவு, வேக வைக்காமல் அப்படியே ரொட்டியில் வைத்துச் சாப்பிடுவார்கள். அன்று சாயங்காலமே கடையில் அந்த அலமாரி காலியாக இருந்தது. அப்போது என் மனைவிக்கு ஆறாம் மாதம். அலுவலக விருந்தில் அவள் ஒரு துண்டு சாப்பிட்டிருந்தாள். லிஸ்டீரியா உடம்பில் 70 நாள் வரைக்கும்கூட வெளிக்காட்டாமல் இருக்கும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகு எங்களுக்குத் தூக்கம் ஏது? நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. அந்த ஆண்டு ஜூலைக் கணக்குப்படி நோய் உறுதியானவர்கள் 1,060 பேர், இறந்தவர்கள் 216 பேர். நோய் வந்தவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பச்சைக் குழந்தைகள். தாய் சாப்பிட்டது குழந்தையைத் தாக்கியிருக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் எந்தக் கிருமியும் வளராது என்று அதுவரை நம்பியிருந்தோம். லிஸ்டீரியா 4 டிகிரியிலும் மெல்ல மெல்லப் பெருகுமாம்.

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பணி, திருச்சி

மாஸ்டர் ஐயா, அந்தத் தாத்தாவிடம் நீங்கள் கம்பியைக் கொடுத்தது நாங்கள் பத்து ரிப்போர்ட் கொடுப்பதற்குச் சமம். மட்டன் குழம்புக்கும் கணக்கு இதேதான், கிருமிதான் வேறு. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்று பெயர். இதுவும் வித்து விடும் ஜாதி. நீங்கள் பார்த்த அந்த 44 டிகிரி அதற்கு ரொம்பப் பிடித்த சூடு, பத்து நிமிடத்துக்குள்ளேயே இரட்டிப்பாகும். பெரிய பாத்திரத்தில் கெட்டிக் குழம்பு என்றால் உள்ளே காற்றும் போகாது, அதற்கு அதுவும் வசதி. சாப்பிட்டு எட்டு, பத்து மணி நேரம் கழித்து வயிற்றைப் பிசைந்து பேதியாகும். சோற்றைப் போல இங்கே கைவிட வேண்டியதில்லை: சரியாக ஆற வைத்து எடுத்த குழம்பை மறுபடி தளதளவென்று கொதிக்க விட்டால், இடையில் பெருகிய கிருமி சாகும். இதன் நச்சு உருவாவது பெரும்பாலும் நம் குடலுக்குள்தான். பரிமாறும் வரை 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜோஹன்னஸ்பர்க் தம்பி, படிக்கும்போதே நெஞ்சு பதறியது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து 2004இல் லிஸ்டீரியா மதிப்பீடு ஒன்றை வெளியிட்டன. நோய் வந்தவர்களில் அநேகமாக எல்லாரும் கிருமி மிக அதிகமாகப் பெருகிய உணவைச் சாப்பிட்டவர்களே என்பது அதில் வந்த முடிவு. ஆகவே ஃப்ரிட்ஜிலும் நாளைக் கணக்கு வைக்க வேண்டும். கர்ப்பிணிக்கும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஒரே கணக்குப் போடக்கூடாது. தமிழ்நாட்டில் பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை வந்தபோது சிலர் முணுமுணுத்தார்கள். நான் மனசார வரவேற்றேன்.

தனிச்செய்தியில் இரண்டு பேர் பழைய சோறு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர் ஊற்றியதும் சோறு சீக்கிரம் ஆறுகிறது. பிறகு லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிக்க வைக்கின்றன. புளிப்பு ஏறினால் செரியஸால் எளிதில் தலையெடுக்க முடியாது. ஆனால் அந்தப் புளிப்பு ஏறுவதற்கு முன்னால் உள்ள நேரத்தைக் கவனியுங்கள். மதியம் வடித்து, ராத்திரி வரை மூடிக் கிடந்த சோற்றில் தண்ணீர் ஊற்றினால், அந்த இடைவெளியில் உண்டான நச்சு அப்படியேதான் இருக்கும். பழையதுக்கு ராத்திரி வடித்த சோற்றையே எடுங்கள், வடித்த கையோடு தண்ணீரையும் ஊற்றிவிடுங்கள்.