மூன்று மணிக்கு விழித்துக்கொள்பவர்கள்

கணக்காளர், திருப்பூர்

பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுபவன் நான். மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தாக்கல் செய்தாக வேண்டும். மார்ச் மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பதற்றத்தில் கெட்ட தூக்கம், பதற்றம் போன பிறகும் திரும்பவில்லை. ஆர்டர்கள் வந்தன, நிலுவைகள் வசூலாயின, முதலாளியின் முகத்தில்கூடச் சிரிப்பு தெரிந்தது. எனக்கு மட்டும் இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். கண்ணைத் திறந்ததும் கைப்பேசியில் மணி பார்ப்பேன். அடுத்து, எழுந்திருக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கழித்துப் பார்ப்பேன். கணக்கு எழுதுபவனுக்கு இந்தப் புத்தி எங்கே போகும்?

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். அம்மா பாலில் கசகசா அரைத்துக் கலந்து கொடுத்தார். மாமியார் ஜாதிக்காய்த் தூள் என்றார். உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்க்கச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். தேய்த்த காலோடு நடுராத்திரியில் எழுந்து நடந்து வழுக்கி விழப் பார்த்ததுதான் மிச்சம். எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "நேரத்தோடு போய்ப் படு" என்பது. ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துப் படுத்தேன். புரள்வதற்குக் கூடுதல் நேரம் கிடைத்தது, அவ்வளவுதான்.

கடைசியில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று முகக்கவசம் அணிந்திருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தவர் எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர். அவரும் முகக்கவசம் அணிந்திருந்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "உங்களுக்கும் தூக்கமா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. ஆனாலும் பாதி பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கும் தைராய்டு பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். இரண்டிலும் கோளாறு இல்லை. பிறகு உளவியலாளர் ஒரு தாளைக் கொடுத்தார். எத்தனை மணிக்குப் படுத்தேன், தோராயமாக எப்போது தூங்கினேன், நடுவில் எவ்வளவு நேரம் விழித்திருந்தேன், எப்போது எழுந்தேன் என்று தினமும் காலையில் எழுதிவர வேண்டும். அடுத்த முறை போனபோது அவரே கூட்டிப் பார்த்தார். படுக்கையில் கிடந்தது ஒன்பது மணி நேரம், தூங்கியது ஐந்தரை மணி நேரம். "ஐந்தரை மணி நேரச் சரக்குக்கு ஒன்பது மணி நேரக் குடோன் எதற்கு? குடோனைச் சிறிதாக்குவோம்" என்றார். என் தொழில் தெரிந்து பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சட்டம் இதுதான்: இரவு பன்னிரண்டுக்கு முன் படுக்கக் கூடாது. காலை ஐந்தரைக்கு எழுந்தே ஆக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி, முந்தின இரவு பொட்டுத் தூக்கம் இல்லாவிட்டாலும் சரி. பகலில் கண்ணயரக் கூடாது. "தூக்கம் வரவில்லை என்று வந்தவனைத் தூங்காதே என்கிறீர்களே?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தார்.

ஆரம்ப நாட்கள் நரகம். பத்து மணிக்கு நாற்காலியில் தூங்கி வழிவேன். மனைவி ஒரு கூடைத் துணியைக் கொண்டுவந்து மடிக்கச் சொல்வார். மதியம் பேரேட்டில் எண்கள் மிதக்கும். அந்த நாட்களில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் பஸ்ஸில் போய்வந்தேன். ஆனால் பன்னிரண்டு மணிக்குப் படுத்தால் தூக்கம் ஆளை அடித்துப் போட்டது. மூன்று மணி விழிப்பு மெல்ல நான்கரைக்குத் தள்ளிப்போனது, பிறகு காணாமல் போனது. படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூக்கமாகக் கழிந்தால் கால் மணி நேரம் கூட்டிக் கொடுப்பார். குறைந்தால் ஒன்றும் கிடையாது. இப்போது பதினொன்றுக்கெல்லாம் படுக்க அனுமதி உண்டு.

இது ஊர்ப்பக்கத்துக் கைவைத்தியம் அல்ல. ஆர்தர் ஸ்பீல்மேன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1987-இல் வெளியிட்ட முறை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையைவிட முதலில் தர வேண்டியது இதையும் உள்ளடக்கிய உளவியல் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. ஆனால் வலிப்பு நோய் உள்ளவர்களும் மனம் மிதமிஞ்சிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களும் இதைத் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது. தூக்கம் குறைந்தாலே அவர்களுக்கு நோய் கிளம்பிவிடலாம். லாரி, பஸ் ஓட்டுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இரவுப் பணிச் செவிலியர், சென்னை

கணக்காளர் ஐயாவுக்கு இரவு என்று ஒன்றாவது இருக்கிறது. எனக்கு இரவுப் பணி வாரங்களில் அதுவும் கிடையாது. காலை எட்டு மணிக்கு மருத்துவமனையை விட்டு வெளியே வந்தால் வெயில் முகத்தில் அறையும். அந்த வெளிச்சம் கண்ணில் பட்டதும் உடம்பு பகல் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும், உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் ஹார்மோனின் சுரப்பு அடங்கிவிடும். அதற்கப்புறம் வீட்டுக்குப் போய்த் தூங்கு என்றால் எப்படித் தூங்குவது? எங்கள் வார்டின் மூத்த செவிலியர் அக்கா ஒருவர் சொல்லித்தான் கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். சீருடை, டிபன் பை, கறுப்புக் கண்ணாடி என்று பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும்.

படுக்கையறை ஜன்னலில் பழைய கம்பளிப் போர்வையை ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். வெளிச்சத்தைத் தடுத்துவிடலாம், சத்தத்தை என்ன செய்வது? கீரைக்காரம்மா போனதும் பழைய பேப்பர் வண்டி வரும், பதிவு செய்த குரலோடு. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது தெருமுனை ஒலிபெருக்கி என் தலைமாட்டில்தான் இருக்கிறது என்று தோன்றும். காதில் பஞ்சு, ஓடும் மின்விசிறி. அதைவிடப் பெரிய தடை மாமியாராக இருந்தார். "பட்டப்பகலில் பெண்பிள்ளை தூங்கினால் வீடு விளங்குமா?" என்பார். ஒருநாள் என்னோடு மருத்துவமனைக்குத் தன் அண்ணனைச் சேர்க்க வந்தவர், இரவு முழுவதும் நான் ஓடுவதை உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் முதல் அவரே வாசலில் காவல். "மருமகள் டூட்டி முடிந்து வந்து தூங்குகிறாள், சத்தம் போடாதே!" என்று தெருப் பிள்ளைகளை அதட்டுவார். அந்த அதட்டலில்தான் நான் விழித்துக்கொள்வேன்.

தேநீர் விஷயம் ஒன்று. விடியற்காலை மூன்று மணிக்கு வார்டில் எல்லோரும் தேநீர் குடிப்போம். குடித்த காஃபீனில் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும்; அதாவது வீட்டுக்குக் கிளம்பும்போது அரை டம்ளர் தேநீர் உடம்பில் மிச்சம் இருக்கிறது. என் கடைசி டம்ளரை நள்ளிரவுக்கு மாற்றிக்கொண்டேன். மூன்று மணிக்குச் சூடான வெந்நீர். சகோதரிகள் கேலி செய்கிறார்கள்.

ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர், கும்பகோணம்

உடற்கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களைப் பற்றிய ஆய்வுக்காக 2017-இல் மூன்று அமெரிக்கர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதை வகுப்பில் பலகையில் வரைந்து விளக்கியவன் நான். என் சொந்தக் கடிகாரம் பிசகியது பணி ஓய்வுக்குப் பிறகு, மனைவி காலமான வருடத்தில்.

சாயங்காலம் ஆறு மணி ஆனால் வீடு என்னை விழுங்க வரும். தொலைக்காட்சியை ஓடவிட்டு அதன் முன்னாலேயே எட்டு மணிக்குத் தூங்கிவிடுவேன். இரண்டரைக்கு விழிப்பு. தூக்கமே இல்லை என்று மருத்துவரிடம் புலம்பினேன். அவர் என் பழைய மாணவர். "ஐயா, எட்டிலிருந்து இரண்டரை வரை ஆறரை மணி நேரம் தூங்கியிருக்கிறீர்களே" என்றார். கழித்தல் கணக்கை எனக்கே சொல்லிக்கொடுத்தான் பயல்! வயதாக ஆக உடற்கடிகாரம் முன்னால் நகர்ந்துவிடுவது இயல்புதானாம். மாலை வெளிச்சத்தில் வெளியே இருக்கச் சொன்னார். இப்போது பொழுது சாயும் நேரத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறேன். மதியத் தூக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் இல்லை, அதற்கு அலாரம்.

சாயங்கால டிகிரி காபியை விட்டதுதான் உண்மையான துறவு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும், அதுதான் உறக்கத்தைக் கூட்டி வரும். அந்த அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதையெல்லாம் தெரிந்தவன்தான் ஐந்து மணிக்குப் பித்தளை டம்ளரைத் தேடுவேன். எதிர்வீட்டுக் காபி மணம் வரும் நேரம் பார்த்து நடைக்குக் கிளம்பிவிடுகிறேன்.

மனச்சோர்வுக்கு என் மருத்துவ மாணவர் சொன்னது வேறு. மனம் வந்தால் செய்யலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், செய்ய ஆரம்பியுங்கள், மனம் பின்னால் வரும் என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பத்தாம் வகுப்பு மின்னியலில் சந்தேகம் கேட்டு வந்தான். மறுக்க வாய் வராமல் உட்கார்ந்தேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மின்சுற்று வரைந்து, மின்தடைகளைப் பக்க இணைப்பில் போட்டுக் காட்டினேன். "அப்படியென்றால் மொத்தத் தடை எப்படி ஐயா குறைகிறது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பதில் சொல்லி முடித்து நிமிர்ந்தால் மணி எட்டரை. ஆறு மணி எப்போது வந்து போனது என்று தெரியவில்லை. இப்போது திண்ணையில் ஒரு கும்பலே உட்கார்கிறது. காலண்டர் தாள் போதவில்லை.

கல்லூரி ஆசிரியை, கோவை

எல்லோரும் நல்லதாகச் சொல்லிக்கொண்டு போகிறீர்கள். நான் கொஞ்சம் குறுக்கே நிற்க வேண்டியிருக்கிறது.

நானும் நடந்தேன். ரேஸ் கோர்ஸ் பாதையில் விடிவதற்கு முன்பே நடந்தேன். சூரிய நமஸ்காரம் செய்தேன், கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன், இரவில் பழமும் சாப்பிட்டேன். ஒன்றும் அசையவில்லை. நான்கு மணிக்கு விழிக்கும்போதே நெஞ்சில் கல். பிடித்த சாப்பாடு மண்ணாக இருந்தது. தலைக்குக் குளிப்பது மலையைப் புரட்டும் வேலையாகத் தெரிந்தது. இதில் யாராவது "காலாற நடந்து வா, எல்லாம் சரியாகிவிடும்" என்றால், நடப்பதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை என்று கூடுதலாக ஒரு குற்ற உணர்வு சேர்ந்துகொள்ளும். நல்ல மனதோடு சொல்கிறார்கள் என்பதால் அது வலிக்காமல் போய்விடுவதில்லை.

மருத்துவர் ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைக் கொடுத்தார். கடந்த இரண்டு வாரங்களில் ஆர்வமின்மை, சோர்வு, பசி, தூக்கம், கவனம் எப்படி இருந்தன என்று கேட்கும் படிவம். கடைசிக் கேள்வி, செத்துவிடலாம் என்று தோன்றியதா என்பது. அதற்குப் பேனா நின்றுவிட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. நான் எழுதியதைப் படித்துவிட்டு, அதைப் பற்றி நேராகவே கேட்டார். அப்படி நேராகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். வீட்டில் எல்லோரும் சுற்றிச் சுற்றித்தான் பேசினார்கள்.

மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார், அப்படியே ஆனது. முதலில் திரும்பி வந்தது பசி. தங்கை வைத்த ரசத்தில் மிளகு தூக்கலாக இருப்பது நாக்குக்குத் தெரிந்தது, சண்டை போட்டேன். தங்கை அழுதுவிட்டாள், சந்தோஷத்தில். நடை அதற்குப் பிறகு உதவியது, இன்றும் உதவுகிறது. வரிசையைத்தான் சொல்கிறேன். சிலருக்கு மருந்து முதலில் தூக்கி நிறுத்த வேண்டும், நடப்பது பிறகு. சரியாகிவிட்டது என்று தோன்றியதும் மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது.

அந்தக் கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்பவர்கள் நடைக்கும் காபிக்கும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணுக்கு இப்போதே பேசுங்கள். டெலி மானஸ் என்ற மத்திய அரசுச் சேவை, அக்டோபர் 2022 முதல் இயங்குகிறது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இல்லத்தரசி, மதுரை

என் கணவருக்குத் தூக்கமின்மை கிடையாது, படுத்ததும் குறட்டைதான். ஆனால் பகலில் சிக்னலில் வண்டியை நிறுத்தினால் அங்கேயே தூங்குவார், சிடுசிடுவென்று எரிந்து விழுவார். மன அழுத்தம் என்று நினைத்துத் தியான வகுப்பில் சேர்த்துவிட்டோம், அங்கேயும் குறட்டை. இரவில் குறட்டை திடீரென்று நின்று, மூச்சே இல்லாமல் போய், பிறகு திணறி எழுவதை நான்தான் பார்த்தேன். அதைச் சொன்ன பிறகே தூக்கத்தில் மூச்சடைப்பு என்று பரிசோதனையில் தெரிந்தது. இப்போது முகத்தில் மாஸ்க் மாட்டி, காற்றழுத்த இயந்திரத்தோடு தூங்குகிறார். பெரும்பாலும் கூடப் படுப்பவர்கள் கவனித்துச் சொன்னால்தான் இது வெளியே வரும், தூங்குகிறவருக்குத் தெரியாது.

மாணவர், திருச்சி

மருந்துக்கடையில் தெரிந்த அண்ணன் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தில் அரை மாத்திரை தருகிறார். அண்மைக் காலமாக அதைப் போட்டுத்தான் தூங்குகிறேன். இன்றோடு நிறுத்திவிடலாமா?

இரவுப் பணிச் செவிலியர், சென்னை

தம்பி, ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் பதற்றமும் நடுக்கமும் வரும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். மருத்துவர் சிறிது சிறிதாகக் குறைத்துக் கொடுப்பார். அது எச்1 பட்டியல் மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். கடைக்கார அண்ணனிடம் அதையும் சொல்லுங்கள். நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். அதுவரை மதுவோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், மூச்சை அடக்கிவிடும்.

கணக்காளர், திருப்பூர்

நடுராத்திரியில் விழித்தால் என்ன செய்தீர்கள் என்று இருவர் தனியாகக் கேட்டிருந்தார்கள். ஏறக்குறைய இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும், கண் சொக்கும்போது திரும்ப வேண்டும். மணி பார்க்கக் கூடாது. நான் கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். மங்கலான வெளிச்சத்தில் சுவாரசியமே இல்லாத வேலை ஒன்று வேண்டும். எனக்கு அம்மா பூண்டைக் கொடுத்துவிட்டார்.

இன்னொன்று, மறுநாள் முடிக்க வேண்டிய வேலைகளைப் படுப்பதற்கு முன் ஒரு நோட்டில் எழுதிவிடுவது. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட முடிக்க வேண்டியவற்றை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். நான் தேதி போட்டு, தொகை போட்டு, யாரிடம் வசூலிக்க வேண்டும் என்பது வரை எழுதுகிறேன். எழுதியதை மூன்று மணிக்கு மனத்தில் மறுபடி எழுத வேண்டியதில்லை.

இப்போது விழிப்பு வருவது அபூர்வம். பூண்டு உரிக்க ஆளில்லை என்று அம்மாவுக்குத்தான் மனக்குறை.