அனுபவத்தைக் கூட்டும் திறனை எடுத்தவர்களே திணறுகிறார்கள்: எதைத் திருத்துவது?

கேள்வி (இளவேனில்)

வணக்கம். நான் தனியாக உருவாக்கிவரும் ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும்) கணினி விளையாட்டில் 30 நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலை உயர்வுக்கும் ஒரு திறன் புள்ளி கிடைக்கும். முதல் நிலையைக் கடக்க 100 அனுபவப் புள்ளிகள், இரண்டாவதைக் கடக்க 200 என்று தேவை ஏறிச் செல்லும். இரண்டாம் நிலையிலேயே எடுக்கக்கூடிய ‘விரைவுக் கற்றல்’ என்னும் திறன், அதன்பின் பெறும் அனுபவத்தை 10% கூட்டுகிறது. ஆடிப் பார்த்தவர்களில் பழக்கமுள்ளவர்கள் எல்லோரும் இதையே முதலில் எடுத்தார்கள். ஆனால் நடுக்கட்டப் போர்களில் திணறுவதும் அவர்கள்தாம். நிரலை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். விகிதத்தை 20% ஆக்கினால் தீருமா?

மறுமொழி (கணக்கன்)

நிரல் சரிதான், திறனுக்கு நீங்கள் வைத்த விலையைப் பாருங்கள். பத்தாம் நிலையை எட்ட மொத்தம் 4,500 அனுபவப் புள்ளிகள் தேவை. மற்றவர் அதை எட்டும்போது இத்திறனை எடுத்தவரிடம் 4,940 இருக்கும். பதினொன்றாம் நிலைக்கோ 5,500 வேண்டும். ஆகவே அவரும் பத்தாம் நிலையில்தான் நிற்கிறார், அதுவும் ஒரு போர்த்திறன் குறைவாக. மற்றவர் 22ஆம் நிலைக்கு வந்த பிறகே இவர் எப்போதும் ஒரு நிலையாவது முன்னே இருந்து, செலவிட்ட புள்ளியை ஈடுகட்டுகிறார். 20% ஆக்கினால் அந்த ஈடு 12ஆம் நிலைக்கே வந்துவிடும். ஆனாலும் எல்லோரும் 30ஐ எட்டும் ஆட்டமென்றால், முடிவில் இவருக்கு ஒரு திறன் புள்ளி நிரந்தரக் குறைவுதான்.

2008இல் வெளிவந்த ஃபால்அவுட் 3 விளையாட்டின் ‘ஸ்விஃப்ட் லேர்னர்’ திறனும் இதே நிலைமையில் இருந்தது: ஒரு முறை எடுத்தால் 10%, மூன்று முறை எடுக்கலாம், நிலை வரம்போ 20. ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3இல் ‘லேர்னிங்’ உச்சத்தில்கூட 15% மட்டுமே தரும். அங்கே உயர்நிலைகளில் ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஏறத்தாழ 20% கூடுதலாகக் கேட்பதால், திறன்களுக்கான எட்டே இடங்களுள் ஒன்றைக் கொடுத்தும் முழுதாக ஒரு நிலைகூட முன்னேற முடியாது.

மறுமொழி (நெய்தல்)

மேலே உள்ள கணக்கை ஏற்கிறேன். திரும்பப் பெற முடியாத புள்ளியை இதற்கு விலையாக வைக்காதீர்கள் என்பதே என் பரிந்துரை. போக்கிமான் விளையாட்டின் ‘லக்கி எக்’ அனுபவத்தை ஒன்றரை மடங்காக்குகிறது. ஆனால் அது போரிடும் போக்கிமான் கையில் வைத்திருக்கும் பொருளாதலால், கடினமான போருக்கு முன் எடுத்துவிட்டு வேறொன்றைக் கொடுக்கலாம். வளர்வதா வலுவாக இருப்பதா என்பதை ஆடுபவர் போருக்குப் போர் தீர்மானிக்கிறார். ஆட்டம் தொடங்கிய பத்தாம் நிமிடத்தில், ஒன்றும் அறியாமல், தீர்மானிப்பதில்லை. புதியவர்களை எண்ணும்போது இந்த வேறுபாடு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

இளவேனில்

இருவருக்கும் நன்றி. திறனை நீக்கிவிட்டு, அதே 10% தரும் மோதிரமாக மாற்றினேன். அது பாதுகாப்பு மோதிரத்தின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. திணறல் குறைந்துவிட்டது. ஆனால் எதிரி விழும் கடைசி அடிக்கு முன் மோதிரத்தை மாற்றி அணிந்து, இழப்பின்றிப் பலனை அடைகிறார்கள்.

மறுமொழி (கணக்கன்)

அனுபவத்தை வழங்கும் கணத்தில் மோதிரம் இருக்கிறதா என்று பார்க்காமல், போர் தொடங்கும்போது அணிந்திருந்ததைக் குறித்துவைத்து, முடியும்வரை கழற்றாதவருக்கு மட்டும் 10% சேருங்கள்.