அண்ணன் தங்கைச் சண்டைதானே என்று விட்டுவிடலாமா? மகள் பேசுவதையே குறைத்துவிட்டாள்

மாலைத்தென்றல்:
மகனுக்கு 17, மகளுக்கு 14. சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் ஏழாம் பொருத்தம், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நாங்களும் இருந்துவிட்டோம். ஆறு மாதமாக அவன் எழுந்து போன பிறகுதான் அவள் சாப்பிடவே உட்காருகிறாள். அவள் வாயைத் திறந்தாலே "ஆரம்பிச்சிட்டாளா" என்பான், முகப்பருவைச் சொல்லிக் கூப்பிடுவான், அவள் குரலிலேயே பேசிக் காட்டுவான். என் கணவர் சிரித்துவிடுவார். நானும் சில நேரம் சிரித்திருக்கிறேன். இப்போது அவளுக்குத் தூக்கம் சரியில்லை, வரைவதை விட்டுவிட்டாள், மதிப்பெண்ணும் இறங்கிவிட்டது. நேற்று "நான் இல்லேன்னாலும் இந்த வீட்ல யாருக்கும் தெரியாது" என்றாள். இது அந்த வயதுக் கோபம்தானா? எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைக்குட்டி:
கோபம் என்று தள்ளிவிடாதீர்கள். நானும் அப்படி வளர்ந்தவள்தான். அக்கா சொன்ன வார்த்தைகளில் பாதி மறந்துவிட்டது, ஆனால் அதற்கு அம்மா சிரித்த முகம் மட்டும் இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. பெரியவர்கள் சிரித்துவிட்டால் அவள் சொன்னது உண்மைதான் போல என்று அந்த வயதில் தோன்றிவிடும். அந்தச் சிரிப்பை இன்றைக்கே நிறுத்துங்கள்.

பள்ளி ஆலோசகர்:
முதலில் அவள் நேற்றுச் சொன்னது. இன்றே தனியாக உட்கார்ந்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயம் வரும், அப்படி ஆவதில்லை. ஆம் என்றால் அவளைத் தனியே விடாதீர்கள், உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இல்லை என்றாலும், தூக்கம், பிடித்த வேலை, படிப்பு மூன்றும் சேர்ந்து சரிந்திருக்கிறதே, அதனால் உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ தள்ளிப்போடாமல் பாருங்கள்.

அப்புறம் சண்டை. இருவரும் மாறி மாறி மோதிவிட்டு மறுநாள் ஒன்றாகச் சிரித்தால் அது சண்டை, விட்டுக்கொடுக்கப் பிள்ளைகள் பழகுவதே அங்கேதான். எப்போதும் ஒருவரே அழுகிறார், அதுவும் திரும்பத் திரும்ப என்றால் அதற்குப் பெயர் துன்புறுத்தல். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. அதை வைத்து லூசி பவ்ஸ் குழுவினர் 2014இல் எழுதிய கட்டுரையில், 12 வயதில் வாரத்துக்குப் பல தடவை உடன்பிறந்தவர் துன்புறுத்தியதாகச் சொன்னவர்களில் 12.3% பேருக்கு 18 வயதில் மனச்சோர்வு இருந்தது, அப்படி நடக்காதவர்களில் 6.4%. பள்ளியில் யாராவது கேலி செய்தால் பிள்ளை வீட்டுக்கு ஓடி வந்துவிடும், வீட்டிலேயே என்றால் எங்கே ஓடும்?

பழைய அண்ணன்:
நான் உங்கள் மகன் இடத்தில் இருந்தவன். அப்பா என்னைத் திட்டும்போதெல்லாம் "தம்பியப் பாரு" என்றுதான் முடிப்பார். அப்பாவை எதிர்த்துப் பேச முடியாது, ஆனால் தம்பியை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அதனால் எல்லாம் அவன்மேல் போய் விழுந்தது. அவன் என்னிடம் பேசுவதை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இன்றைக்கும் அது வலிக்கிறது. உங்கள் மகனிடமும் தனியாக உட்காருங்கள். கேலியைக் கண்டிப்பாக நிறுத்தச் சொல்லுங்கள், அதே மூச்சில் அவனுக்கு என்ன நெருக்கடி என்றும் கேளுங்கள். தங்கை எதிரிலேயே அவனை அதட்டினால் அந்த ஆத்திரமும் அவள்மேல்தான் போகும். இருவரையும் ஒரே மாதிரி நடத்தியே ஆக வேண்டும் என்று இல்லை, ஏன் இந்த வித்தியாசம் என்று தெரிந்தால் பிள்ளைகள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். தெரியாதபோதுதான் மனதுக்குள்ளேயே கணக்கு வைப்பார்கள்.

மாலைத்தென்றல்:
கேட்டுவிட்டேன். சாகத் தோன்றவில்லை, எங்கேயாவது போய்விட வேண்டும் போல இருக்கிறது என்றாள். ரொம்ப நேரம் அழுதாள், நான் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அந்த நாட்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. உளவியலாளரைப் பார்க்க வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். மகனிடம் இன்று இரவு அவன் அப்பாவே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார், எப்படி ஆரம்பிப்பது என்றுதான் இருவரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

பழைய அண்ணன்:
"நானும் சிரிச்சேன், அது என் தப்பு" என்று அவர் ஆரம்பிக்கட்டும். என் அப்பா அப்படிச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன்.