வாட்ஸ்அப் பாட் ஒரே ஆர்டருக்கு மூணு தடவை பதில் சொல்லுது, ஷீட்ல பாதி வரி ரெட்டிப்பு. உதவி வேணும்

மண்டிக்கணக்கு:

வணக்கம்ங்க. வேலந்தாவளத்துல காய்கறிக் கமிஷன் மண்டி எங்களோடது. சாயங்காலம் பாலக்காடு, திருச்சூர் கடைங்கள்ல இருந்து ஆர்டர் வரும், ராத்திரியே லோடு கிளம்பிரும். ஆறு மணிக்கு மேல போன் எடுத்து மாளலைன்னுதான் வாட்ஸ்அப் கிளவுட் ஏபிஐல ஒரு பாட், அதாவது தானா பதில் சொல்ற புரோகிராம், போட்டோம். பைத்தான் மொழி, பிளாஸ்க்ங்கற வெப் சர்வர் கருவி. அக்கா பையன் எழுதிக் குடுத்துட்டு துபாய் போயிட்டான், அவனைப் புடிக்கறதே ஞாயித்துக்கிழமைதான்.

கடைக்காரர் "தக்காளி 10 பெட்டி, வெண்டை 2 சாக்கு"ன்னு வரிவரியா அனுப்புவார். பாட் "ஆர்டர் எடுத்தாச்சு"ன்னு சொல்லிட்டு கூகுள் ஷீட்ல காய்க்கு ஒரு வரி எழுதும். பகல்ல சோதிச்சா ஒரு குறையும் இல்ல. சாயங்கால நெரிசல்ல மட்டும் சிலருக்கு "ஆர்டர் எடுத்தாச்சு" ரெண்டு, மூணு தடவை போகுது. ஷீட்லயும் வரி ரெட்டிக்குது. போன வாரம் ஒரு கடைக்குத் தக்காளி இரட்டிப்பா ஏறிப் போயி, அவங்க திருப்பி அனுப்ப, வண்டி வாடகை எங்க தலையில. ஓணம் வேற வருது. என்ன பண்றதுங்க?

களியக்காவிளை_பாட்:

ரெண்டு விஷயம் சொல்லுங்க. ரெட்டிச்ச ஆர்டர்ல எல்லாக் காயும் ரெட்டிக்குதா, சிலது மட்டுமா? அந்த நேரத்து சர்வர் லாக்ல (நடந்ததை எழுதி வெக்கற பதிவேடு) என்ன இருக்கு? இது ரெண்டும் இல்லாம ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்லுவாங்க.

மண்டிக்கணக்கு:

நல்லாக் கேட்டீங்க, இப்பத்தான் உத்துப் பாத்தேன். 14 காய் ஆர்டர் ஒண்ணுல தக்காளியில இருந்து பீர்க்கை வரைக்கும் ரெண்டு வரி. அதுக்குக் கீழ இருக்கற முருங்கை, சேனை, மத்தன் எல்லாம் ஒரே வரி. லாக்ல 429, கோட்டா தாண்டிருச்சுன்னு வருது, அதுக்கு அடுத்த வரியே 500. நடுநடுவுல 'கீ எரர்: மெசேஜஸ்'னும் நிறைய கெடக்கு.

களியக்காவிளை_பாட்:

மேல் பாதி ரெண்டு, கீழ் பாதி ஒண்ணு. இதுலயே விடை இருக்கு. உங்க கோடு காய்க்கு ஒரு தடவை ஷீட்டைக் கூப்பிடுது. பீர்க்கை எழுதி முடிச்சதும் கூகுள் கதவைச் சாத்திருச்சு. கூகுள் ஷீட்ஸ் ஏபிஐல ஒரு கணக்குக்கு நிமிஷத்துக்கு 60 எழுத்துக் கோரிக்கைதான். உங்க பாட் கூகுளுக்கு ஒரே ஆள்தான், எத்தனை கடைக்காக எழுதுனாலும். கடைக்கு 14 காய்னு வெச்சா, நாலு கடை ஒரே நிமிஷத்துல அனுப்புனாலே 56. அஞ்சாவது கடை நாலு வரியில நின்னுரும்.

நின்ன உடனே பிளாஸ்க் 500, அதாவது 'சர்வர்ல கோளாறு'ங்கற பதிலைக் குடுக்குது. வாட்ஸ்அப்போட கம்பெனியான மெட்டா பக்கம் 200, அதாவது 'கிடைச்சது'ங்கற பதில், வரலைன்னா அந்தச் செய்தி சேரலைன்னு எடுத்துக்கிட்டு திரும்ப அனுப்பும், இடைவெளியைக் கூட்டிக்கிட்டே ஏழு நாள் வரைக்கும். திரும்ப வந்ததை உங்க கோடு புது ஆர்டர்னு நெனச்சு மறுபடி "எடுத்தாச்சு"ன்னு சொல்லி, தக்காளியில இருந்து எழுத ஆரம்பிக்குது. பதிலை முதல்ல அனுப்பிட்டு ஷீட்டை அப்புறம் எழுதறதாலதான் கடைக்காரருக்கு மூணு பதில்.

மெசேஜஸ் கீ எரர் வேற கதை. நீங்க அனுப்பற ஒவ்வொரு செய்திக்கும் போச்சு, சேர்ந்துச்சு, படிச்சாச்சுன்னு தகவல் அதே வெப்ஹூக்குக்குத்தான் (மெட்டா உங்க சர்வருக்குச் செய்தி தள்ளற முகவரி) வரும். அதுல 'மெசேஜஸ்' இருக்காது, 'ஸ்டேட்டஸஸ்'தான் இருக்கும். உங்க கோடு அதைப் பாக்காம விழுந்து 500 குடுக்குது, அதுவும் திரும்பத் திரும்ப வருது. ஆர்டரை ரெட்டிக்காது, ஆனா சர்வரை வீணா அலைக்கழிக்கும். 'மெசேஜஸ்' இல்லைன்னா 200 குடுத்துட்டுப் போன்னு ஒரு வரி சேருங்க.

நகரி_தறி:

அண்ணன் சொன்னது சரி. நான் சேர்க்கறது ஒண்ணு. ஒவ்வொரு செய்திக்கும் 'வாமிட்'னு தொடங்கற ஒரு ஐடி வரும். திரும்ப வந்தாலும் அதே ஐடிதான். வந்ததும் அதை எஸ்க்யூலைட்ல (ஒரே கோப்புல அடங்கற சின்ன டேட்டாபேஸ்) தனித்துவ நெடுவரிசையில, அதாவது ஒரே ஐடி ரெண்டு தடவை ஏறாத கட்டத்துல, போடுங்க, ஏற்கெனவே இருந்தா 200 குடுத்து முடிச்சிருங்க. நகரியில எங்க தறிக்கூடத்துக்கு நூல் ஆர்டர் இப்படித்தான் ஓடுது, ரெட்டிப்பே கிடையாது.

களியக்காவிளை_பாட்:

ஐடியை மட்டும் போட்டா ஆபத்து தம்பி. ஐடி பதிஞ்சு, அதுக்கப்புறம் ஷீட் 429 அடிச்சா? மெட்டா திரும்ப அனுப்பும், "பாத்தாச்சு"ன்னு நீங்க தள்ளிருவீங்க, ஆர்டர் காணாமப் போயிரும். ரெட்டிப்பைக் கூட கடைக்காரர் கேட்டுருவார். காணாமப் போனது காலையில கடை திறந்தாத்தான் தெரியும்.

அதனால ஐடியோட முழுச் செய்தியையும் எஸ்க்யூலைட்ல வெச்சு, பக்கத்துல 'நிலுவை'ன்னு ஒரு கட்டம். வெச்ச உடனே 200. தனியா ஓடற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் நிலுவையை ஒவ்வொண்ணா எடுத்து, 14 வரியையும் ஒரே அப்பெண்டு (ஷீட்டோட கடைசியில சேர்க்கற) கோரிக்கையில எழுதட்டும். 14 கோரிக்கை ஒண்ணா ஆயிரும், 60 வரம்பு கிட்டக்கூட வராது. எழுதினது உறுதியான பிறகு "ஆர்டர் எடுத்தாச்சு", அப்புறம் 'முடிஞ்சது'. 429 வந்தா நிலுவையாவே கெடக்கட்டும், கொஞ்சம் பொறுத்து அதுவே திரும்ப முயற்சிக்கும்.

மண்டிக்கணக்கு:

பையன்கிட்டச் சொல்லி அப்படியே மாத்திட்டோம்ங்க. நேத்து நெரிசல்ல உக்காந்து பாத்தேன், ஒரு ஆர்டரும் ரெட்டிக்கல.

இன்னொரு தொந்தரவு. மலையாளத்துல 'பயர்'னு (பயறு) அடிக்கறவங்கள்ல சிலருக்கு மட்டும் பாட் "இந்தக் காய் தெரியல"ங்குது. எங்க பட்டியல்ல இருக்கறதையும் அவங்க அடிச்சதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா அச்சு அசல் ஒண்ணுதான்.

கொழிஞ்சாம்பாறை:

கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு. பயர்ல கடைசியில வர்றது சில்லெழுத்து, அதாவது மலையாளத்துல சில மெய்யெழுத்துக்கு இருக்கற தனி வடிவம். எழுத்துக்கெல்லாம் குறியீட்டு எண் குடுக்கற யூனிகோடுல, 2008ல வந்த 5.1 பதிப்புல சில்லுகளுக்குத் தனிக் குறியீடு குடுத்தாங்க. அதுக்கு முந்தின முறையில ர, சந்திரக்கலை (நம்ம புள்ளி மாதிரி), கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்பான்னு மூணு குறியீடு. விசைப்பலகையைப் பொறுத்து ரெண்டும் வருது. என்எஃப்சி (ஒரே எழுத்தோட வேற வேற குறியீட்டை ஒண்ணாக்கற யூனிகோடு முறை) போட்டாச் சரியாகும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, அது சில்லை ஒண்ணாக்காது. ண, ன, ர, ல, ள அஞ்சுக்கும் பழைய மூணைப் புது ஒண்ணா மாத்தற வரியை நீங்களே எழுதணும். இணைப்பானை மட்டும் நீக்கிட்டா ர மேல சந்திரக்கலை தங்கிரும், அப்பவும் பொருந்தாது.

தமிழ்ல கொத்தவரைக்கும் இதே வம்பு உண்டு. 'கொ'வோட குறியை ஒண்ணாவும் அடிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாவும் அடிக்கலாம். அதுக்கு என்எஃப்சி போதும். பட்டியலுக்கும் வர்ற செய்திக்கும் ரெண்டுக்கும் போடணும், ஒரு பக்கம் மட்டும் போட்டுப் பிரயோஜனம் இல்ல.

மண்டிக்கணக்கு:

கடைசியா ஒண்ணு. விடியக்காலம் அஞ்சு மணிக்கு அன்னைய விலைப் பட்டியலை எல்லாக் கடைக்கும் அனுப்பறோம். பாதிப் பேருக்குப் போகுது, மீதிக்கு 131047னு எரர்.

நகரி_தறி:

கடைக்காரர் கடைசியா உங்களுக்கு எழுதி 24 மணி நேரம் தாண்டிட்டா சாதாரணச் செய்தி போகாது, மெட்டா முன்கூட்டியே அங்கீகரிச்ச டெம்ப்ளேட்தான் (தயார் வாசகம்) போகும். அந்த 24 மணி நேரத்தைத்தான் ஜன்னல்ம்பாங்க. நேத்து சாயங்காலம் ஆர்டர் போட்டவருக்கு அஞ்சு மணிக்கு ஜன்னல் திறந்தே இருக்கும், அதான் அவருக்குப் போகுது. போகாதவங்க நேத்து ஆர்டர் போடாதவங்க. பட்டியல்ல சரி பாருங்க.

பட்டியலை டெம்ப்ளேட் மாறிக்குள்ள (ஒவ்வொரு தடவையும் மாத்தி நிரப்பற இடம்) திணிக்கப் பாக்காதீங்க, மாறியில வரி உடைக்க விடாது. "இன்னைய விலை வேணுமா?"ன்னு ஒரு பொத்தானோட டெம்ப்ளேட் போதும். அவர் தட்டுனா ஜன்னல் திறந்துரும், முழுப் பட்டியலையும் சாதாரணச் செய்தியா அனுப்பலாம், அதுக்குக் காசு இல்ல. விலைப் பட்டியல் டெம்ப்ளேட்டை மெட்டா மார்க்கெட்டிங் வகையிலதான் சேக்கும், அதுக்குச் செய்திக்கு இவ்வளவுன்னு காசு உண்டு. அதனால ஆர்டர் போடாதவங்களுக்கு மட்டும் அனுப்புங்க. நானா இருந்தா, வாரம் முழுக்க வாங்காதவங்களுக்கு அதையும் அனுப்ப மாட்டேன். தொல்லைன்னு பிளாக் பண்ணினா உங்க நம்பரோட தரம்தான் கெடும்.

மண்டிக்கணக்கு:

டெம்ப்ளேட்டைத் தமிழுக்கும் மலையாளத்துக்கும் தனித்தனிப் பேர்ல போடணும்ங்களா?

நகரி_தறி:

ஒரே பேர் போதும், அதுக்குள்ள ரெண்டு மொழி சேர்க்கலாம். நான் தமிழும் தெலுங்கும் அப்படித்தான் வெச்சிருக்கேன். எந்தக் கடைக்கு எந்த மொழின்னு உங்க ஷீட்ல ஒரு கட்டம் வெச்சுக்குங்க, அனுப்பறப்போ அந்த மொழிக் குறியீடு போகணும். அங்கீகாரம் ஆகாத மொழியைக் குறிச்சா 132001 வரும், அதைப் பாத்துப் பதறாதீங்க.