6–9 வயது மாண்டிசோரி வகுப்பு: 14 விதி எழுதி ஒட்டியாச்சு, ஒன்றும் நிற்கவில்லை

மாடிவகுப்பு:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், கடைவீட்டு மாடியில் நடக்கும் சின்ன மாண்டிசோரி வகுப்பு. 6 முதல் 9 வயது வரை 18 பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர். பாதிப் பேர் மாண்டிசோரி பாலர் பள்ளியிலிருந்து வந்தவர்கள். மீதிப் பேர் மேசை நாற்காலியில் உட்கார்ந்து பயிற்சிப் புத்தகம் எழுதிப் பழகியவர்கள். காலை 8 முதல் 11 வரை இடைவெளி இல்லாத வேலை நேரம்: பிள்ளைகள் அலமாரியிலிருந்து வேலையைத் தாங்களே தேர்ந்தெடுத்து, தரையில் பாய் விரித்துச் செய்வார்கள்.

"ஓடாதே, கத்தாதே, அடுத்தவர் வேலையைத் தொடாதே" என்று 14 விதி எழுதி, லேமினேட் செய்து சுவரில் ஒட்டியிருக்கிறது. பலன் இல்லை. இரண்டு பேருக்குப் பாடம் காட்டும்போது பின்னால் ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். 9.15 ஆனால் அறை சந்தைக்கடை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "டீச்சர், அவன் பாயைச் சுருட்டாமல் போய்ட்டான்" என்று புகார். இரண்டு மூன்று பேர் எதையும் எடுக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

எந்த விதி அவசியம், எதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? கொள்கை விளக்கம் வேண்டாம், நாளைக் காலையில் செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

மணிச்சட்டம்:

அந்த 14-ஐயும் கழற்றிவிடுங்கள் டீச்சர். மூன்று போதும்: உன்னைப் பார்த்துக்கொள், அடுத்தவரைப் பார்த்துக்கொள், இந்த இடத்தையும் பொருளையும் பார்த்துக்கொள். மற்றதெல்லாம் விதி இல்லை, செய்முறை. "கத்தாதே" என்ற வரியில், அறையின் அந்தக் கோடியில் இருக்கும் தோழியிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் என்ன செய்வது என்று இல்லை. எழுந்து நடந்து போய், அவள் பாய்க்கு வெளியே குந்தி, அவள் நிமிரும்வரை காத்திருந்து, மெல்லக் கேட்பது. அதை நடித்துக் காட்டாமல் எந்தப் பிள்ளைக்கும் வராது.

நடிப்பு 5 முதல் 8 நிமிடம், ஆறேழு பேரைக் கூட்டி வைத்து. தப்பு நடந்த சூட்டோடு செய்யாதீர்கள், செய்தவன் பெயரையும் எடுக்காதீர்கள். மறுநாள் காலை, எல்லாரும் தெளிவாக இருக்கும்போது செய்யுங்கள். பாலர் வகுப்பில் சரியான விதத்தை மட்டும் காட்டுவோம். 6 வயதுக்கு மேல் தப்பான விதத்தையும் காட்டலாம். உதவியாளர் அடுத்தவர் பாயை மிதித்துக்கொண்டு போய், "ஏய், அந்தப் பெட்டிய குடு!" என்று பிடுங்கட்டும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் "எங்கே கோளாறு?" என்று கேட்டால் விதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். பிறகு இரண்டு பேர் சரியாகச் செய்து காட்டட்டும். ஒரு நாளைக்கு ஒரு செய்முறைதான். முதல் நான்கைந்து வாரம் இதற்கே போகும், பாடம் பின்தங்குகிறதே என்று பதறாதீர்கள். நீண்ட விடுமுறை முடிந்து வந்ததும் மறுபடி முதலிலிருந்து.

வரிசைக்கு வருவோம். நின்றால் பதில் கிடைக்கிறது, அதனால் நிற்கிறார்கள். சின்ன வெள்ளைப் பலகை ஒன்று வையுங்கள். உதவி வேண்டியவர் பெயரை எழுதிவிட்டு, வேறு வேலையைத் தொடங்க வேண்டும். ஒரு பாடம் முடிந்ததும் அடுத்த பாடத்துக்குக் கூப்பிடும் முன் பலகையைப் பாருங்கள். பாடமே 15 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. போனால் பலகைமேல் நம்பிக்கை போய்விடும், இரண்டே நாளில் வரிசை திரும்பி வரும். பாடத்தின் நடுவே கட்டாயம் பேச வேண்டியவர் உங்கள் தோளில் கை வைக்கட்டும். அந்தக் கைமேல் நீங்கள் கை வைத்தால் "தெரியும், இந்த வாக்கியத்தை முடித்துவிட்டு வருகிறேன்" என்று பொருள். இரத்தம், வாந்தி, நெருப்பு, யாராவது படி இறங்கிச் சாலைக்குப் போவது: இந்த நான்குக்கு மட்டும் கத்தலாம்.

9.15 சத்தம் உங்கள் குறை இல்லை. வேலை தொடங்கிய ஒரு மணி நேரத்தில் வருகிற இதைப் பொய்க் களைப்பு என்பார்கள், இந்தக் கல்விமுறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையாரே கவனித்து எழுதியது. எளிய, பழகிய வேலையை முடித்தவர்கள் அன்றைய பெரிய வேலையை எடுப்பதற்கு முன் கொஞ்சம் அலைவார்கள். பத்து இருபது நிமிடத்தில் அடங்கும். அந்த நேரம் பார்த்து மணியடித்து எல்லாரையும் வட்டத்தில் உட்கார வைத்தாலோ, மொத்தமாகப் பசியாற அனுப்பினாலோ பெரிய வேலை தொடங்குவதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து யார் எங்கே போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ரொம்ப மிஞ்சினால் இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டுப் பாடம் காட்டுங்கள்.

இன்னொன்று: இந்த வயது வகுப்பு அமைதியாக இருக்காது, இருக்கவும் கூடாது. கூட்டமாகப் பேசி யோசிக்கிற வயது. அளவுகோல் வேண்டுமானால் "உன் குரல் உன் பாயின் ஓரம்வரை" என்று சொல்லிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரிகிற அளவு என்பதால் பிடித்துக்கொள்வார்கள்.

லயத்துக்காற்று:

புகார் பற்றி மட்டும் சொல்கிறேன். "கோள் சொல்லாதே" என்று விரட்டாதீர்கள். 6 வயதுக்கு மேல் நியாயம் அநியாயம் என்ற கேள்விதான் அவர்கள் மண்டை முழுக்க. "அவன் பாயைச் சுருட்டவில்லை" என்பவன் பெரும்பாலும் அவனுக்குத் தண்டனை கேட்டு வரவில்லை. அந்த விதி இன்னும் நடப்பில் இருக்கிறதா, எல்லாருக்கும் பொதுவா என்று சரிபார்க்கிறான். "ஆமா, நம் வகுப்பில் பாயைச் சுருட்டி வைப்போம்" என்று தலையாட்டினால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். போகாதவனிடம் "அவனிடம் என்ன சொன்னாய்?" என்று கேளுங்கள். யாருக்காவது ஆபத்து என்றால் கேள்வி எதுவும் கேட்காமல் நீங்கள் எழுந்து போக வேண்டும். இந்த வித்தியாசத்தையும் நடித்தே காட்டுங்கள்.

சண்டைக்குச் சமாதான மேசை: இரண்டு நாற்காலி, கையில் பிடிக்க ஒரு பொருள். ரப்பர் கொட்டை ஒன்று போதும், தோட்டத்தில் பொறுக்கலாம். கொட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் பேசுவார், மற்றவர் கேட்டதைத் திருப்பிச் சொல்வார், பிறகு கொட்டை கைமாறும். கடைசியில் "இனி என்ன செய்வோம்" என்று ஒரே ஒரு வரி. நீங்கள் அங்கே நீதிபதி இல்லை. இது கெடுவது மூன்று விதத்தில்: கோபம் கொதிக்கும்போதே உட்கார வைப்பது (முதலில் தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் போகட்டும்), "சாரி சொல்லு" என்று கட்டாயப்படுத்துவது, அந்த மேசையைத் தண்டனை மூலையாக ஆக்குவது. மூன்றாவது நடந்தால் பிறகு யாரும் தானாகப் போய் உட்கார மாட்டார்கள்.

அடிக்கடி வரும் புகார்களை வகுப்புக் கூட்டத்துக்குத் தள்ளுங்கள். வாரம் ஒருமுறை, 20 நிமிடம், அதற்கு மேல் போனால் சின்னவர்கள் தாங்க மாட்டார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கட்டும். பேச வேண்டியதை அதில் எழுத வேண்டும், ஆள் பெயர் இல்லாமல். "கபிலன் பாயை மிதிக்கிறான்" இல்லை, "பாய்கள் மிதிபடுகின்றன". தலைவர் வாரம் ஒருவர். முதலில் நன்றி சொல்வது, பிறகு போன வார முடிவு வேலை செய்ததா என்று பார்ப்பது, அதன் பிறகு புதிது ஒன்றோ இரண்டோ. முடிவு எதுவானாலும் ஒரு வாரச் சோதனைக்குத்தான்.

எச்சரிக்கை: பிள்ளைகள் போடும் தண்டனை பெரியவர்களே பயப்படும் அளவுக்கு இருக்கும். "பேசினால் ஒரு மாதம் வெளியே நிற்கணும்" என்பார்கள். பாதுகாப்பு, யாரையும் அவமானப்படுத்தாமல் இருப்பது, சாப்பாடு, கழிவறை, இவை ஓட்டுக்கு வராது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு பக்கச் செய்தி: 6–12 வயதுக்கான இந்தக் கல்விமுறை பெருமளவு உருப்பெற்றது கோடைக்கானலில். 1939-ல் பயிற்சி கொடுக்க அடையாறுக்கு வந்த அம்மையார், போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். வெள்ளைக்காரன் பள்ளிக்கூடம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லலாம்.

பால்மரம்:

மேலே சொன்னவற்றோடு ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. பெயர்ப் பலகை மட்டும் இருந்தால் 18 பேரும் ஆசிரியரையே நம்பியிருப்பார்கள். பல வகுப்புகளில் "முதலில் மூன்று பேரிடம் கேள்" என்று விதி வைப்பதும் எனக்குப் பிடிக்காது, ஒருவன் சந்தேகத்துக்கு மூன்று பேர் வேலை கெடும். ஒரே ஒருவரிடம் கேட்கட்டும். யாரிடம் என்பதற்கு ஒரு பட்டியல் வையுங்கள்: "முத்திரைக் கணக்கில் வகுத்தல் தெரிந்தவர்கள்" (எண் போட்ட வண்ணச் சில்லுகளை வைத்துச் செய்யும் கணக்கு) என்று தலைப்பு, கீழே அவரவரே எழுதிய பெயர்கள். எழுதாதவரைத் தொந்தரவு செய்யக்கூடாது. எழுதியவரும் "இப்போ இல்லை" என்று சொல்லலாம், அதையும் சொல்லிப் பழக்குங்கள்.

சுற்றித் திரிகிறவர்களுக்கு விதி தீர்வாகாது, வேலை ஏடுதான் தீர்வு. ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு: தேதி, தொடங்கிய நேரம், வேலையின் பெயர், முடித்த நேரம். சின்னவர்கள் இரண்டு சொல் எழுதினால் போதும். வாரம் ஒருமுறை தனியே உட்கார்ந்து 10 நிமிடம் அந்த ஏட்டைப் பாருங்கள். 18 பேரையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் 3 மணி நேரமும் அதிலேயே போய்விடும். நாளுக்கு 4 பேர் என்றால் ஐந்து நாளில் 20 இடம், வராதவருக்கும் இரண்டு மிச்சம். "ஏன் கணக்கு செய்யவில்லை" என்று ஆரம்பிக்காமல் "எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை?" என்று ஆரம்பியுங்கள்.

அப்போது ஆண்டு 1, ஆண்டு 2-க்கான கே.எஸ்.எஸ்.ஆர். என்ற அரசுத் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பிள்ளைக்கே காட்டுங்கள். நாட்டில் உன் வயதுப் பிள்ளை இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், நீ எதைத் தொட்டுவிட்டாய், எது பாக்கி என்று. சுதந்திரத்துக்கு எல்லை என்பது இதுதான். பின்னால் தமிழ்ப்பள்ளிக்கு மாறினாலும் பிள்ளை திணறாது.

ஏடு எழுதியும் திரிகிறவனுக்குத் தேர்வைக் குறுக்குங்கள். அலமாரி முழுவதும் திறந்திருப்பதே அவனுக்குச் சுமை. "இதுவா, அதுவா?" என்று இரண்டு மட்டும், உங்கள் பக்கத்துப் பாயில். ஒன்றை முடித்ததும் மூன்று. இது தண்டனை இல்லை என்பது உங்கள் குரலில் தெரிய வேண்டும். எவ்வளவு குறுக்கினோமோ அதைத் திருப்பிக் கொடுப்பதும் கடமை. மறந்துபோய் மாதக் கணக்கில் பக்கத்திலேயே வைத்திருப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

பொருளைத் திருப்பி வைப்பதற்கு ஒரே அளவுகோல்: அடுத்தவர் எடுத்தால் உடனே தொடங்க முடிய வேண்டும். முத்திரைப் பெட்டியில் 1 பச்சை, 10 நீலம், 100 சிவப்பு, 1000 மறுபடி பச்சை. ஒன்றும் ஆயிரமும் ஒரே நிறம், எண்ணைப் பார்க்காமல் கொட்டினால் கலந்துவிடும், அடுத்தவர் கணக்கு காரணமே தெரியாமல் தப்பும். ஒரு முத்திரை தொலைந்தால் திட்ட வேண்டாம், பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். தேவைப்படுகிறவர்கள் சேர்ந்து தேடுவார்கள். காத்திருக்கிறார்களே என்று இரண்டாவது பெட்டி வாங்காதீர்கள். ஒன்றே ஒன்று இருப்பதால்தான் காத்திருப்பதும் பேசி முறை வைப்பதும் நடக்கிறது.

மாடிவகுப்பு:

நன்றி, பலகையும் ரப்பர் கொட்டையும் நாளைக்கே. இன்னும் மூன்று. பசியாறுவதை வேலை நேரத்துக்குள் எப்படி வைப்பது? மழை பெய்தால் தகரக் கூரையில் மணி கேட்பதே இல்லை. பெற்றோர் "ரோத்தான் (பிரம்பு) இல்லாமல் எப்படி அடங்குவான்" என்கிறார்கள், இல்லையென்றால் ஸ்டிக்கராவது கொடுங்கள் என்கிறார்கள்.

மணிச்சட்டம்:

பசியாற இரண்டு நாற்காலி போட்ட ஒரு மேசை, 8.30 முதல் 10.15 வரை. நாற்காலி காலியாக இருந்தால் போகலாம், இல்லையென்றால் வேலையைத் தொடரலாம். கை கழுவு, பெயர் அட்டையைத் திருப்பு, சாப்பிடு, தட்டைக் கழுவு, மேசையைத் துடை. ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றால் இந்த நேரத்தில் இருபது பேர் முடிப்பார்கள், உங்கள் 18-க்குச் சரியாக இருக்கும். "ஒருவருக்கு 4 பிஸ்கட்" என்று படம் வரைந்து வையுங்கள், முதலில் வருபவர் டப்பாவைக் காலி செய்யும் பிரச்சினை தீரும். 10 மணிக்குத் திருப்பாத அட்டை யாருடையது என்று உதவியாளர் ஒருமுறை பார்க்கட்டும், வேலையில் மூழ்கிப் பசியை மறந்தவர்கள் இருப்பார்கள்.

மழைக்கு மணி வேண்டாம். ஒரு கையைத் தூக்கி அசையாமல் நில்லுங்கள். பார்த்தவர் கையைத் தூக்கி, பக்கத்தில் இருப்பவர் தோளைத் தொட வேண்டும். வெயில் நாளில் இரண்டு மூன்று தடவை ஒத்திகை பாருங்கள். விளக்கை அணைத்துப் போடுவதும் வேலை செய்யும், ஆனால் இடி மின்னலில் சின்னவர்கள் மிரளுவார்கள்.

லயத்துக்காற்று:

பெற்றோருக்குத் தத்துவம் வேண்டாம், ஒரு பக்கத் தாள் கொடுங்கள். தமிழில், எது நடந்தால் என்ன செய்வோம் என்று நேரடியாக. வண்ணம் கொட்டினால் கொட்டியவர் துடைப்பார், துணி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பொருளை எறிந்தால் அன்றைக்கு அந்தப் பொருள் கிடையாது. அடித்தால்: நிறுத்துவோம், முதலில் அடிபட்டவரைப் பார்ப்போம், அடித்தவர் அன்று முழுவதும் ஆசிரியர் பக்கத்தில் வேலை செய்வார், அன்றே வீட்டுக்குத் தொலைபேசி. ரோத்தான் இல்லை என்றால் ஒன்றுமே நடக்காது என்றுதான் அவர்கள் பயப்படுகிறார்கள். நடக்கும் என்று எழுத்தில் பார்த்ததும் பாதிப் பேர் கேள்வியை விட்டுவிடுவார்கள்.

ஸ்டிக்கர் கேட்பவர்களிடம் ஒரு கணக்கு சொல்லுங்கள். முடித்த வேலைக்கு ஒரு ஸ்டிக்கர் என்றால் பிள்ளை ஐந்து நிமிட வேலையைப் பன்னிரண்டு தடவை செய்யும், ஒரு மணி நேரம் எடுக்கும் நீளப் பெருக்கலைத் தொடவே தொடாது.