பட்டுவாடா ஆகாத கடிதம்

குழு: பாளை வீடு

ஞாயிறு

கோமதி அத்தை (காலை 7:05): எல்லோருக்கும் வணக்கம். இங்கே அமெரிக்காவில், எடிசனில் சனிக்கிழமை இரவு. வியாழக்கிழமை எனக்குக் குடியுரிமை நேர்காணல். அதற்குப் படிக்க வேண்டிய 128 கேள்விகளில் பாதி மண்டையில் நிற்கிறது, பாதி வழிந்துவிடுகிறது. யாராவது கேள்வி கேளுங்கள்.

பெரியம்மா (7:07): 128-ஐயும் கேட்பார்களா?

கோமதி அத்தை (7:08): இல்லை அண்ணி, 20 வரைதான். 12 சரியாகச் சொன்னதும் நிறுத்திவிடுவார்கள். 9 தவறானாலும் நிறுத்திவிடுவார்கள், அது வேறு வகை நிறுத்தம்.

செல்வி (7:09): நான் கேட்கிறேன் அத்தை. செனட்டர்கள் எத்தனை பேர்?

கோமதி அத்தை (7:09): 100. செனட் மேலவை, மாநிலத்துக்கு இரண்டு. கீழவையான பிரதிநிதிகள் சபையில் 435, அது மக்கள்தொகையைப் பார்த்து.

தாத்தா (7:11): பெரிய மாநிலத்துக்கும் இரண்டுதானா?

முரளி அண்ணன் (7:12): ஆமாம் தாத்தா. வயோமிங்கில் ஆறு லட்சம் பேர்கூட இல்லை. கலிபோர்னியாவில் நான்கு கோடியை நெருங்குகிறது. இரண்டுக்கும் செனட்டில் ஒரே அளவு இடம். 1787-இல் பிலடெல்பியாவில் சிறிய மாநிலங்கள் பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொண்டது.

தாத்தா (7:13): பேரம் பேசத் தெரிந்தவர்கள்.

செல்வி (7:14): அடுத்தது. நீதித்துறை என்ன செய்கிறது?

கோமதி அத்தை (7:16): சட்டத்துக்கு விளக்கம் சொல்லும், வழக்குகளைத் தீர்க்கும்... இன்னொன்று இருக்கிறது. அதுதான் ஒவ்வொரு முறையும் வழுக்குகிறது.

முரளி அண்ணன் (7:17): ஒரு சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதா என்று தீர்மானிக்கும்.

கோமதி அத்தை (7:18): அதேதான். புரிந்தால் மறக்காது என்று நேற்று அரசியலமைப்பையே எடுத்துப் படித்தேன். நீதித்துறையைப் பற்றி மொத்தமே ஒரு பக்கம். இந்த அதிகாரம் அதில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடினேன், அகப்படவில்லை.

முரளி அண்ணன் (7:20): அகப்படாது அத்தை. அதில் எழுதவே இல்லை. நம் அரசியலமைப்பின் 13-ஆவது பிரிவு, அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்று நேராகவே சொல்கிறது. அமெரிக்காவில் அந்த அதிகாரம் 1803-இல் ஒரு வழக்கில் பிறந்தது. ஒரு கடிதம் உரியவரிடம் போய்ச் சேராததால் வந்த வழக்கு.

தாத்தா (7:20): எந்தக் கடிதம்?

செல்வி (7:21): முடிந்தது. ஓய்வுபெற்ற தலைமை அஞ்சல் அதிகாரி மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டார்.

முரளி அண்ணன் (7:26): சொல்கிறேன். ஜான் ஆடம்ஸ் அதிபர் தேர்தலில் ஜெபர்சனிடம் தோற்றுவிட்டார். 1801 மார்ச் 4 அன்று பதவி கைமாற வேண்டும். அதற்குள் தன் ஆட்களுக்குப் பதவிகளை அள்ளி வழங்குகிறார். தலைநகர் வட்டாரத்துக்கு மட்டும் சிறு வழக்குகளைப் பார்க்கும் 42 சமாதான நீதிபதிகள், ஐந்து ஆண்டுப் பதவி. நியமன ஆணைகளில் ஆடம்ஸ் கையெழுத்திட்டார், வெளியுறவுச் செயலர் அரசு முத்திரையும் பதித்தார். ஆனால் சில ஆணைகள் அலுவலகத்திலேயே தங்கிவிட்டன. அதில் ஒன்று வில்லியம் மார்பரியுடையது.

தாத்தா (7:28): கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது, பட்டுவாடா ஆகவில்லை. காரணம் என்ன? பெறுநர் வீட்டில் இல்லையா, முகவரி தவறா, வாங்க மறுத்தாரா?

முரளி அண்ணன் (7:30): எதுவும் இல்லை தாத்தா. வெளியுறவுச் செயலரின் தம்பி ஆணைகளின் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எல்லாவற்றையும் சுமப்பது வசதிப்படவில்லை என்று சிலவற்றைத் திருப்பி வைத்துவிட்டார்.

தாத்தா (7:31): வசதிப்படவில்லையா? காகிதம்தானே, கருங்கல்லா? என் பணிக்காலத்தில் மணிமுத்தாறு பக்கம் மழையில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவுத் தபால் கொடுத்த ஆட்கள் இருந்தார்கள்.

கோமதி அத்தை (7:32): அப்பா, இரத்த அழுத்த மாத்திரை போட்டாயிற்றா?

தாத்தா (7:32): போட்டாயிற்று. அந்த வெளியுறவுச் செயலர் என்ன விளக்கம் கொடுத்தார்?

முரளி அண்ணன் (7:34): தம்பிக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்: கடைசி நேரத்து அவசரம், உதவிக்கு இருந்த எழுத்தரும் பக்கத்தில் இல்லை.

தாத்தா (7:35): விளக்கம் கேட்டு நான் அனுப்பிய குறிப்பாணைகளுக்கெல்லாம் இதே பதில்தான் வரும்.

முரளி அண்ணன் (7:38): புது அதிபர் ஜெபர்சன், மிஞ்சிய ஆணைகளைக் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். மார்பரியும் வேறு மூன்று பேரும் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்: புதிய வெளியுறவுச் செயலர் மேடிசன் எங்கள் ஆணையைத் தர வேண்டும் என்று உத்தரவிடுங்கள் என்று. அங்கே தலைமை நீதிபதியாக உட்கார்ந்திருந்தவர் ஜான் மார்ஷல். ஆணைகளுக்கு முத்திரை பதித்துவிட்டு அனுப்பாமல் விட்ட அதே பழைய வெளியுறவுச் செயலர்.

பெரியம்மா (7:39): அடப்பாவமே.

தாத்தா (7:40): தபாலைத் தவறவிட்டவரே விசாரணை அதிகாரியா? எந்த ஊர் நியாயம் இது?

முரளி அண்ணன் (7:41): இன்றைக்கென்றால் விலகியிருப்பார். அன்றைக்கு விலகவில்லை.

ராகவன் மாமா (7:42): இங்கே குக்கர் நான்காவது விசில் அடித்துவிட்டது. இவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கோமதி அத்தை (7:42): நீங்களே அணைக்கலாம். முரளி, தீர்ப்பு என்ன?

முரளி அண்ணன் (7:47): அங்கேதான் மார்ஷலின் சாமர்த்தியம். ஆணையைக் கொடு என்று சொன்னால் ஜெபர்சன் மதிக்க மாட்டார். நீதிமன்றத்திடம் படையும் இல்லை, பணமும் இல்லை. அரசியலமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹாமில்டன் 1788-லேயே இதை எழுதியிருக்கிறார். கொடுக்க வேண்டாம் என்றாலோ பயந்துவிட்டார் என்று ஊர் சிரிக்கும். அதனால் இப்படிச் சொன்னார்: மார்பரிக்கு அந்த ஆணையைப் பெற உரிமை உண்டு, அதை மறுத்தது தவறு. ஆனால் இந்த மனுவை நேராக எங்களிடம் கொண்டுவர முடியாது. கொண்டுவரலாம் என்று காங்கிரஸ், அதாவது அவர்கள் நாடாளுமன்றம், 1789-இல் போட்ட சட்டப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது, ஆகவே செல்லாது.

தாத்தா (7:50): கிளை அஞ்சலகத்தில் கொடுக்க வேண்டிய புகாரைத் தலைமை அஞ்சலகத்தில் கொடுத்துவிட்டாய், நேராக இங்கே கொடுக்கலாம் என்று சொன்ன விதியே தப்பு என்கிறார். அப்படித்தானே?

முரளி அண்ணன் (7:50): நான் வகுப்பில் மூன்று நாள் படித்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

செல்வி (7:52): ஜெபர்சனால் எதிர்க்கவும் முடியவில்லை, இல்லையா? மீறுவதற்கு உத்தரவே இல்லையே.

முரளி அண்ணன் (7:53): ஆமாம். வழக்கில் ஜெயித்தது அவர் தரப்பு. சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் மட்டும் சத்தமில்லாமல் நீதிமன்றத்தின் கைக்குப் போய்விட்டது.

தாத்தா (7:55): மார்பரிக்கு?

முரளி அண்ணன் (7:55): பதவி கிடைக்கவே இல்லை தாத்தா.

தாத்தா (7:58): நீங்கள் எல்லோரும் மார்ஷலைக் கொண்டாடுங்கள். என் கணக்கில் அவர் மீது ஒரு புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

பெரியம்மா (8:01): அந்த நீதிபதிகள் தப்பாகத் தீர்ப்புச் சொன்னால் யார் கேட்பது?

முரளி அண்ணன் (8:05): நல்ல கேள்வி பெரியம்மா. காங்கிரஸ் போட்ட முக்கியமான சட்டம் ஒன்றை அவர்கள் அடுத்து ரத்து செய்தது 1857-இல், அடிமையாக இருந்த ட்ரெட் ஸ்காட் விடுதலை கேட்ட வழக்கில். கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக இருக்க முடியாது என்றும் அதே தீர்ப்பில் சொன்னார்கள். அதைத் துடைக்க ஒரு உள்நாட்டுப் போரும், 1868-இல் 14-ஆவது திருத்தமும் தேவைப்பட்டன. அங்கே பிறந்தவர்களும் குடியுரிமை பெற்றவர்களும் குடிமக்களே என்று அந்தத் திருத்தம் தொடங்குகிறது. அத்தை வியாழக்கிழமை நுழையப்போவது அந்த வாசல் வழியாகத்தான்.

கோமதி அத்தை (8:07): இது தெரியாமலேயே இத்தனை நாள் 14 என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

செல்வி (8:08): கடைசிக் கேள்வி. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் பதவிக்காலம்?

கோமதி அத்தை (8:08): ஆயுள் முழுவதும்.

தாத்தா (8:09): எனக்கு 58-இல் மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளி

கோமதி அத்தை (காலை 6:10): தேறிவிட்டேன்! 13 கேள்விகளில் முடிந்துவிட்டது. ஒன்றில் சறுக்கினேன், பிரதிநிதிகள் சபை உறுப்பினரின் பதவிக்காலம் ஆறு ஆண்டு என்று சொல்லிவிட்டேன். இரண்டுதான். ஆறு செனட்டருக்கு.

பெரியம்மா (6:12): வாழ்த்துகள் கோமதி. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிடுகிறேன்.

செல்வி (6:13): நீதித்துறை வந்ததா?

கோமதி அத்தை (6:15): ஆறாவது கேள்வி. மார்பரியின் கடிதத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒரு வரி போதும் என்று அந்த அதிகாரி கையைக் காட்டிவிட்டார்.

தாத்தா (6:20): மகிழ்ச்சி அம்மா. குடியுரிமைச் சான்றிதழ் எப்படி வரும்? கையிலா, தபாலிலா?

கோமதி அத்தை (6:21): உறுதிமொழி விழாவில் கையில் தருவார்கள் அப்பா. விழாவுக்கான அழைப்புதான் தபாலில் வரும்.

தாத்தா (6:22): தபாலிலா? மாப்பிள்ளை, உங்கள் வாசலில் வீட்டு எண் தெளிவாகத் தெரிகிறதா?

ராகவன் மாமா (6:24): பனி மூடியிருக்கிறது மாமா. இப்போதே போய்த் துடைத்துவிடுகிறேன்.