புதுப்பிப்பு: மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட், குடும்பத்துக்கு ஒரே அறை

நாலு பேர் ஒரே அறையில் தங்கும் செலவு பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதில் வரிக்கணக்கு மாறிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதம். பில்லில் இன்னும் 12 இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

எக்ஸ்ட்ரா பெட் என்பது பல இடங்களில் தரையில் போடும் மெத்தைதான். பிள்ளைக்கு எத்தனை வயது வரை இலவசம், அந்தப் பிள்ளைக்குக் காலை டிபன் சேருமா, இரண்டையும் வாட்ஸ்அப்பில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் தகராறு வருவதே இங்கேதான். நீச்சல்குளத்தில் பருத்தி டீஷர்ட்டுக்குப் பெரும்பாலும் அனுமதி கிடையாது, பஞ்சு பிரிந்து ஃபில்டரை அடைக்கும். நைலான் உடை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். கடலில் பிள்ளைகளைக் கணுக்காலுக்கு மேல் விடாதீர்கள். திரும்பும் அலை காலடி மணலையே உருவிவிடும்.